இளவரசர் தங்கம் தின்ன ஏழாவது இலை

பொத்துனு விழுந்துடுச்சுங்க தங்கம்! பந்தியில, ராசாவுக்குப் பக்கத்துலயே! ஏழாவது இலையத் தின்னு முடிச்சதுதான். வயிறு மத்தளமா உப்பி, நாலு காலும் விறைச்சுக்கிச்சு. ராசா திருமாறன் சோத்துக் கையோட அப்படியே உறைஞ்சு போயிட்டாரு.

தங்கம் யாருன்னா, ஒரு வெள்ளாடு! இருங்க, மொதல்லேருந்து சொல்றேன்.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி பூவரசூர்னு ஒரு நாடு. அந்த அரண்மனையில மூணு கட்டளை. ராசகுலத்து ஆளுங்கதான் ராசாவோட உக்காந்து சாப்பிடலாம். ராசா எந்திரிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. இலை காலியானா உடனே பரிமாறணும்.

ராணி செத்துப் போயிட்டாங்க. பிள்ளை கிடையாது. அவ்ளோ பெரிய கூடத்துல ராசா ஒத்தையா உக்காந்து சாப்பிடுவாரு. அவரு மெல்லுற சத்தம் அவருக்கே கேக்கும். எத்தன நாளுதான் தாங்குவாரு? தோட்டத்துல மேஞ்ச ஒரு ஆட்டுக்குட்டியப் புடிச்சு, 'இளவரசர்'னு பட்டம் கட்டி, பக்கத்துல உக்கார வச்சுட்டாரு!

இப்பத்தான் வேடிக்கையே. ஆடு சோத்தத் தின்னும். அப்புறம் இலையவும் தின்னும். பரிமாறுறவங்க பாவம் என்ன பண்ணுவாங்க? புது இலை போட்டு, மறுபடி நெய்ச்சோறு, பாயசம், அதிரசம். ராசாவோ எந்திரிக்கவே மாட்டாரு. எந்திரிச்சா மறுபடி ஒத்த ஆளுதானே.

விழுந்து கெடந்த ஆட்டப் பாக்க மலையிலேருந்து வெள்ளச்சிங்கிற வைத்தியச்சி வந்தா. வயித்துக் காத்து வெளிய வரட்டும்னு வாய்க்குக் குறுக்க குச்சியக் கட்டினா. எண்ணெயப் புகட்டினா. வயித்த நீவி விட்டா. ஏப்பம் ஒண்ணு வந்துச்சு பாருங்க, அரண்மனையே அதிர்ந்துச்சு!

"பொழைச்சுக்கிச்சு ராசா. இன்னொரு தடவ இந்தப் பந்தியில உக்காந்தா செத்துரும். எங்கூட அனுப்புங்க."

"இளவரசரப் போயி ஆடு மேய்க்க அனுப்பவா?"

"மேய்க்க இல்ல ராசா, மேய! மூணு மாசம்."

மொத மாசம் ராசா மலைக்குப் போனாரு. தங்கம் மூச்சிரைக்க வந்து அவரு மடியில சாஞ்சுச்சு. ரெண்டாம் மாசம் கைய நக்கிட்டு மந்தைக்கு ஓடிருச்சு. மூணாம் மாசம் பாறைக்குப் பாறை தாவிக்கிட்டு இருந்துச்சு. ராசா பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. மூணு தடவ கூப்பிட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கல.

"நோய் தீந்துச்சு. இனி உங்க இஷ்டம்"னு சொல்லி வெள்ளச்சி அவரு கையில ஒரு கயித்தக் குடுத்தா. "கொஞ்சம் கூழு குடிச்சிட்டுப் போங்க ராசா."

ஆசையா உக்காந்தாரு. அவ்ளோதான், சுத்தி உக்காந்து குடிச்சிட்டிருந்த இடையருங்க எல்லாரும் பதறி எந்திரிச்சு நின்னுட்டாங்க. வெள்ளச்சியும்தான். ராசாவோட உக்காந்து சாப்பிட அவங்க ராசகுலமா என்ன?

ராசா தங்கத்தப் பாத்தாரு. கயித்தப் பாத்தாரு. கைய நீட்டித் தங்கத்தக் கூப்பிடப் போனவரு, பாதியிலயே நிறுத்திட்டாரு.

"அது இங்கயே இருக்கட்டும்மா"ன்னு சொல்லி, கயித்த அவகிட்டயே குடுத்துட்டு, மலைய விட்டுத் தனியா எறங்கிப் போனாரு.

நம்ம தனிமைக்கு மருந்தா இன்னொரு உயிரக் கட்டி வச்சா, அந்த உயிருக்கு நாமதான் நோய்.

உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா? பாசம்னு நெனச்சு யாரையாவது புடிச்சு வச்சிருந்து, அப்புறம் விட்டுட்டு வந்திருக்கீங்களா?