மாப்பிள்ளையின் எடை இன்னும் வெளியே

தாய்ச்சி என்பது கையையும் காலையும் மிக மெதுவாக அசைக்கும் சீனப் பயிற்சி. எங்கள் உடுமலைப்பேட்டைக்கு அதைக் கற்றுக்கொடுக்க வந்த மாஸ்டர் முதல் நாளே சொன்னாராம்: "அவசரமே கூடாதுங்க. காலை வெச்சாலும் எடையை உடனே அதுமேல மாத்தாதீங்க. இங்க மட்டுமில்ல, வாழ்க்கையிலயும் இப்படித்தான்."

மூன்று பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நாச்சிமுத்து வீட்டில் பால் பொங்கியது. அடுப்பை அணைக்க அவர் கை கிளம்பியது. கை போய்ச் சேர்ந்தபோது பால் தரைக்கு வந்திருந்தது. வேலுச்சாமி டவுன் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினார். மூன்று பஸ் போய்விட்டது. நான்காவது பஸ்ஸின் கண்டக்டர்தான் அந்தக் காலைப் பிடித்துப் படியில் வைத்தார்.

மூன்றாமவர் தெய்வசிகாமணி. மோட்டார் வைண்டிங் கடைக்காரர், வயது முப்பத்தாறு. பதினோரு வீட்டில் பெண் பார்த்து, பதினொன்றும் பஜ்ஜியோடு முடிந்திருந்தது. பன்னிரண்டாவது எங்கள் வீடு. பெண், என் அக்கா மரகதம். இதுவும் போனால் இனிப் பெண்ணே பார்ப்பதில்லை என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாராம்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குமுன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அப்பாவின் நிபந்தனை அது ஒன்றுதான்.

மூன்று மணிக்கே மூவரும் தெருமுனையில் தெரிந்தார்கள். நான் ஜன்னலருகே இருந்தேன். முனையிலிருந்து எங்கள் வீடு ஏழாவது. நாலே காலுக்கு ஐந்தாவது வீட்டைத் தாண்டினார்கள்.

நாலரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது மாப்பிள்ளையின் வலது கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது.

"வந்துட்டாருங்க!" என்றாள் அம்மா.

"இன்னும் இல்லீங்க," என்றார் பின்னால் நின்ற நாச்சிமுத்து. "கால்தான் உள்ள. எடை பூரா வெளியிலதான் நிக்குது."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை. "எடை இப்ப உள்ள வந்தா, ராகு காலத்துல வந்ததாயிருமே?"

"ஆயிருமுங்க."

"காலைப் பின்னால எடுத்துக்கிட்டா?"

"வந்த மாப்பிள்ளை திரும்பிப் போனதாயிரும்," என்றார் வேலுச்சாமி.

அப்பா காலண்டரில் ராகு காலம் முடியும் நேரத்தைப் பார்த்தார். "அப்ப ஆறு மணி வரைக்கும் அப்படியே இருக்கட்டுமுங்க."

இருந்தார். வலது கை உள்ளே இருந்ததால் பஜ்ஜியை அதில் வைத்தோம். வாய் வெளியே இருந்ததால் காபியை அம்மா கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய்க் கொடுத்தாள்.

ஆறு மணிக்கு எடை உள்ளே வந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

"ஒன்றரை மணி நேரம் நிக்க வெச்சும் மூஞ்சியச் சுளிக்கலடி," என்று அக்கா என் காதில் சொன்னாள். பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டதும் தலையாட்டிவிட்டாள்.

"பொண்ணு கொஞ்சம் படபடப்போ?" என்று நாச்சிமுத்து கவலைப்பட்டார்.

அப்பா மாப்பிள்ளையிடம் திரும்பினார். "உங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்களா?"

தெய்வசிகாமணி புன்னகைத்தார். தலை கீழே இறங்கத் தொடங்கியது.

"சரின்னு சொல்றாருங்க!" என்றாள் அம்மா.

"அவசரப்படாதீங்கம்மா," என்றார் வேலுச்சாமி. "கீழ போனா பாதிதான். மேல வந்தாத்தான் முழுசு."

ஏழு மணிக்கு அவர் மோவாய் சட்டையின் முதல் பட்டனைத் தொட்டது. அப்பா கல்யாண மண்டபத்துக்குப் போன் செய்தார்.

"பாதி சம்மதம் வந்துருச்சுங்க," என்றார். "இப்போதைக்குப் பாதி மண்டபத்தை மட்டும் எழுதி வையுங்க."