கிளி தின்ற நார்த்தங்காய்

சர்... சர்... என்று கல்லில் இரும்பு தேயும் சத்தம் அரசவைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. கொல்லையில் வாள் தீட்டுகிறார்கள். யார் கழுத்துக்கென்று மந்திரி பொன்னம்பலவருக்குத் தெரியும். அவர் கழுத்துக்குத்தான்.

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டை ஆண்ட கண்டராயனுக்கு விஷம் என்றாலே குலை நடுக்கம். எந்தப் பண்டத்தையும் முதலில் கூண்டுக்கிளி தின்ன வேண்டும். அதுவும் ராஜா தின்னும் அதே அளவு. இது அரண்மனை வைத்தியர் சோமேசர் போட்ட விதி. கிளி முரண்டு பிடித்தால் அலகைப் பிளந்து திணிப்பார்.

நேற்று மந்திரி தன் கையால் உப்படைத்த நார்த்தங்காயைக் கொண்டுவந்தார். ஒரு துண்டு உள்ளே போனதும் கிளி துடித்துச் செத்தது.

"விஷம்தான் அரசே!" என்று இன்று சபையிலும் சாதித்தார் சோமேசர். மந்திரி பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண்.

"நானே தின்று காட்டட்டுமா?" என்றார் மந்திரி.

"முறிமருந்தை முழுங்கிவிட்டு வந்திருப்பீர்!"

"சரி, என் ஊறுகாய் வேண்டாம். அரண்மனை உப்பே போதும். துலாபாரத் தராசைக் கொண்டுவாருங்கள்."

ஒரு தட்டில் வைத்தியர் ஏறினார். மறு தட்டில், ஒவ்வொன்றும் ஒரு கிளி எடையுள்ள கற்களாக அடுக்கினார்கள். ஒவ்வொரு கிளி எடைக்கும் ஒரு துண்டில் இருக்கிற உப்பு என்று தனியே கொட்டினார்கள். ஒரு படி நிறைந்தது.

"தின்னும் வைத்தியரே. ராஜா தினம் தின்கிற உப்புதானே?"

சோமேசருக்கு வியர்த்தது. "ஒரு படி உப்பைத் தின்றால் எவனய்யா பிழைப்பான்?"

"கிளி மட்டும் எப்படி ஐயா பிழைக்கும்?"

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். "பலே! நாளையிலிருந்து கிளியின் இடத்தில் வைத்தியர் உட்காரட்டும்!" சபையே சிரித்தது. சட்டென்று ராஜாவின் முகம் மாறியது. "போன மாதம் ஒரு கிளி செத்ததே... அது எதைத் தின்றது?"

"கருவாட்டுக் குழம்பு, அரசே. அதற்காகத்தான் சமையற்காரன் சடையனை வெட்டினோம்" என்றார் மந்திரி.

ராஜா முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம். சடையன் வீட்டுக்கு அனுப்புங்கள். வாங்குவார்களா என்று தெரியாது."

வீட்டில் மந்திரியின் மனைவி அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மந்திரி மணையில் உட்கார்ந்து, மீதிக் காய்களைக் கீறி உப்படைக்கத் தொடங்கினார்.