விட்ட மூச்சு

தூத்துக்குடிப் பக்கம் துரைப்பழம் என்று ஒரு பெரிய மனுஷர். செத்துப்போன அண்ணனின் காரை, "எனக்குன்னு வாயால சொல்லிட்டுத்தான் போனாரு" என்று மதினியிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து வேகம் குறைந்தால் போதும், கார் நடுங்கிக் கரும்புகை கக்கி நின்றுவிடும். சுடுகாட்டு வாசல் வேகத்தடையில் ஒருநாளும் தவறாது.

தனக்குச் சொந்தமான இடத்தில் வாடகைக்கு ஒர்க்‌ஷாப் வைத்திருந்த செல்லக்கனியிடம் வந்தார்.

"பொழுது சாயுறதுக்குள்ள இதுல இருக்க பேயை விரட்டு. இல்லன்னா ஷெட்டைக் காலி பண்ணு."

செல்லக்கனி பானெட்டைத் திறந்து காது கொடுத்தாள். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒழுங்கு, விட்டால் திணறல். புகையைக் கொஞ்சம் இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு, கரி பிடித்து மூடாமல் நிற்கிறது. ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால் இப்போதைக்கு மூடிக்கொள்ளும். அதை அவள் சொல்லவில்லை.

"விட்ட மூச்சையே திரும்ப இழுக்குது, அண்ணாச்சி."

அவர் முகம் வெளிறியது. "யாரு விட்ட மூச்சு?"

"ஸ்டார்ட் பண்ணி, வண்டி யாருதுன்னு சொல்லுங்க. உண்மையைச் சொன்னா நிக்காது."

கூட்டம் கூடிவிட்டது. "என் வண்டி" என்றார். இன்ஜின் உதறிக்கொண்டு அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். யாரோ அழுவதுபோல் முனகியது. செல்லக்கனி பானெட் மறைவில் ஸ்பானரை ஓங்கியபடி காத்திருந்தாள்.

"மதினி வண்டிதான். அண்ணன் எனக்குத் தரவேயில்லை."

இன்ஜின் அடங்கிச் சீராக ஓடியது. துரைப்பழம் காரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்தார். செல்லக்கனியின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது கூட்டம்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஓங்கிய ஸ்பானர் இன்னும் வால்வைத் தொடவேயில்லை.