அடியில் இருந்த கண்டென்சர்

பாளையங்கோட்டையில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் மைமூனிடம் பவளக்கொடி வேலை கற்றுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அக்கா என்றுதான் அழைப்பாள்.

ஒருநாள் வில்லுப்பாட்டுக்காரர் தவசிக்கண் தன் மகள் இசக்கிச்செல்வியோடு வந்தார். மகள் கையில் பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டர்.

“அப்பாவுக்குத் தொண்டையில ஆபரேஷன். இனிமே குரல் வராதாம். வர்ற கோயில் கொடைத் திருவிழாவுல நான்தான் பாடணும். முழுக்கதையும் அவர் பாடினது இந்த டேப்புலதான் இருக்கு. போட்டா உர்ருனு சத்தம் மட்டும்தான் வருது” என்றாள் மகள்.

மைமூன் திறந்து பார்த்தாள். “பவர் சப்ளை கண்டென்சர் போயிருக்கு. மாத்திடலாம். நாளைக்கு வாங்க.”

கண்டென்சர் பெட்டியின் அடி மூலையில் இருந்தது. அதன்மேல் டிரான்ஸ்பார்மர், அதற்கும் மேல் மோட்டார். பவளக்கொடி இடுக்கு வழியாக சால்டரிங் அயர்னை நுழைத்தாள். புகை வந்தது. பக்கத்து ஒயர் கருகிவிட்டது.

“கெடுத்துட்டேனே அக்கா! அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

“ஒயர்தானே. வேற போட்டுக்கலாம். மோட்டாரைக் கழத்து.”

“அதோட பெல்ட், சக்கரம் எல்லாம் வந்துடுமே. திரும்ப மாட்டத் தெரியுமா எனக்கு?”

“கழத்துற வரிசையிலேயே துணி மேல வை.”

பவளக்கொடி பயந்து பயந்து கழற்றினாள். மைமூன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

மத்தியானம் பெட்டிக்குள் அந்தக் கண்டென்சர் மட்டும் நின்றது. தலை உப்பி, அடியில் கசிந்திருந்தது. இப்போது கை தாராளமாக உள்ளே போனது. புதியதை வைத்துப் பற்றவைத்தாள். ஒயரை மாற்றினாள். ஒவ்வொன்றாக எடுத்து மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் டேப் ஓடியது. உறுமல் இல்லை. தவசிக்கண்ணின் குரல் கணீரென்று எழுந்தது. அவர் உதடு அசைந்தது. இசக்கிச்செல்வி கூடவே பாடினாள். ஓரிடத்தில் தாளம் தப்பியது. தவசிக்கண் சட்டென்று மேஜையில் தட்டினார். அவள் சிரித்துவிட்டு, அந்த அடியைத் திருத்திப் பாடினாள்.

அவர்கள் போன பிறகு பவளக்கொடி கேட்டாள்.

“ஏன் அக்கா, இதைச் செஞ்சவன் அந்தக் கண்டென்சரைப் போயும் போயும் கை எட்டாத மூலையிலயா வைப்பான்?”

“அவன் வைக்கும்போது பெட்டி காலியாத்தானே இருந்தது” என்றாள் மைமூன்.