காகத்துக்கு வைத்த சோறு

“தெரியாமல் செய்துவிட்டேன் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள், தாயே. அதற்காக விட்டுவிட முடியுமா?”

கேட்டவர் ஆவுடையப்பர். ஊரின் நியாயாதிபதி, தலை நரைத்தவர். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட வடிவம்மை அவரைவிட இளையவர். வயதைப் பார்த்தா ஒருவரிடம் போய் உட்காருகிறோம்?

வடிவம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“யார், என்ன செய்தார்கள்?”

“மாடத்தி என்று ஒரு பெண். தினமும் தன் வீட்டுக் கூரையில் காகத்துக்குச் சோறு வைக்கிறாள்.”

“நல்லதுதானே?”

“குற்றம், தாயே. நம் ராஜாவின் கொள்ளுத்தாத்தா காலத்தில், அரண்மனைக் குழந்தையின் கையிலிருந்த பணியாரத்தை ஒரு காகம் கொத்திக்கொண்டு போய்விட்டது. ஊருக்குள் காகத்துக்குச் சோறிடுகிறவர் ஊரைவிட்டே வெளியேற வேண்டும் என்று அன்றைக்கே அந்தக் கொள்ளுத்தாத்தா சட்டம் போட்டுவிட்டார்.”

பணியாரத்தை எல்லாரும் மறந்தார்கள். சட்டத்தையும் மறந்தார்கள். மாடத்தியின் பக்கத்து வீட்டு மணியக்காரர் காயப்போட்ட வேட்டியில் காகம் எச்சமிட்டது. அதன் பிறகுதான் யாரோ அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள்.

“எதற்காக வைக்கிறாளாம்?”

“புருஷன் இறந்துபோனான். காகமாக வருகிறான் என்று நம்புகிறாள்.”

“உங்கள் வீட்டில் வைப்பதில்லையா?”

“நாங்கள் திதி கொடுப்பது ஆற்றங்கரையில். அது ஊர் எல்லைக்கு வெளியே.”

அது வெறும் அதிர்ஷ்டம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வடிவம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

“தண்டனையைச் சபையில் சொல்ல வேண்டாம். அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். அதற்கு முன் அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் தண்டனை கிடையாது.”

“அவ்வளவுதானே?”

சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மாடத்தி பாய் விரித்து உட்காரச் சொன்னாள். அவர் காகத்தைச் சொன்னார், பணியாரத்தைச் சொன்னார், ஊரைவிட்டுப் போகவேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார்.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பிள்ளை அழுதுச்சாய்யா?”

“அழுதிருக்கும்.”

“பாவம். எங்க வீட்டுக்கு வருத காக்காவா பறிச்சுது?”

“இல்லை. அது எப்போதோ செத்திருக்கும்.”

“நான் ஊரை விட்டுப் போயிட்டா, அவுக இந்தக் கூரைக்கு வந்து தேடுவாகளாய்யா?”

இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

“தேடுவார்,” என்றார்.

மாடத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பாடம் கேட்க வந்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வேற என்னென்ன தப்பு செய்யுதேன்னு சொல்லிருங்கய்யா. எல்லாத்தையும் இன்னைக்கே விட்டுருதேன். அரிசி மாவுலதான் கோலம் போடுதேன், எறும்பு திங்கும். அது தப்பா? கோயில் வேம்புல குச்சி ஒடிச்சுப் பல்லு தேய்க்கேன். அது?”

ஆவுடையப்பர் தனக்குத் தெரிந்த சட்டங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் புரட்டினார்.

பணியாரத்துக்கே ஒரு சட்டம் இருக்கும்போது குச்சிக்கு இருக்காதா? எறும்புக்கு? அவரும் அதே வேம்பில்தான் குச்சி ஒடிக்கிறார். அவர் மனைவியும் அரிசி மாவில்தான் கோலம் போடுகிறாள்.

“எனக்குத் தெரியாது, தாயி.”

மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த வயதில் இந்த மனிதருக்கு எது தப்பு என்று சொல்லாமல் விட்டுவைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“உங்களுக்கும் யாரும் சொல்லலையா?” என்றாள். “பாத்து இருங்கய்யா.”