அக்கரைக்குப் போகும் இணைப்பு

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அதன் குரு வடிவாம்பிகை அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் நெல்லையப்பன் கம்ப்யூட்டர் கடை நடத்தி ஓய்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். வயசு கிடக்கட்டும், மடத்தில் அம்மைதான் குரு.

மடத்துக்கு ஆள் வரத்து குறைந்துகொண்டே வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் பளிங்குத் தரை போட்ட பெரிய மடம் ஒன்று எழும்பியிருந்தது. இப்படியே போனால் இங்கே விளக்கேற்றக்கூட ஆள் மிஞ்சாதே என்று நெல்லையப்பனுக்குப் பயம். மனுஷர் மெனக்கெட்டு உட்கார்ந்து மடத்துக்கு ஓர் இணையதளம் செய்தார். பழைய பாட்டுகளுக்கு அம்மை எழுதிய உரை முழுவதையும் அதில் ஏற்றினார். ஏற்றி முடித்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மடத்துக் கணினியில் அம்மை படித்துப் பார்த்தார். நடுவில் அக்கரை மடத்து உரைக்கு ஓர் இணைப்பு இருந்தது. அம்மையே போடச் சொன்னதுதான். அதைத் தொட்டு, அங்கே போய்ப் படித்தார். திரும்பி வரலாம் என்று பின்னே போகும் பொத்தானை அமுக்கினால் அது அசைந்து கொடுக்கவில்லை.

"என்ன நெல்லையப்பன், வந்த வழியைக் காணோமே?"

"அது புது ஜன்னல்ல திறக்கும்மா. நம்ம பக்கம் பின்னாலேயே திறந்து கிடக்கும். வெளியே போற எல்லா இணைப்பையும் அப்படித்தான் வச்சிருக்கேன்." குரலில் பெருமை வழிந்தது.

"எதுக்கு?"

"இல்லைன்னா போனவங்க போனவங்கதான். அக்கரையிலேயே தங்கிருவாங்க."

அம்மை கணினியை அணைத்தார்.

"அக்கரை மடத்துல இன்னைக்கு விருந்து. நம்ம மடத்து சார்பா நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

"சரிம்மா, போயிட்டு வாரேன்."

"தோள்ல கிடக்கிற அந்தத் துண்டை இங்கே வச்சிட்டுப் போங்க."

"துண்டா? எதுக்கும்மா?"

"உங்க இடத்துல கிடக்கட்டும், பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கிற மாதிரி. நீங்க பாட்டுக்கு அங்கேயே தங்கிட்டீங்கன்னா?"

நெல்லையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. குருவாவது ஒன்றாவது, ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா பேச்சு இது? இத்தனை வருஷமா இந்த வாசலுக்கு வாரேன். யாரும் என்னைப் பிடிச்சுக் கட்டி வைக்கலை. உங்க உரையைக் கேக்கணும்னு நானா வாரேன். என் துண்டு என் தோள்லதான் இருக்கும். போவேன், வருவேன்."

"வருவீங்களா?"

"வருவேன்."

அம்மை சிரித்தார். துண்டை இறுகப் பிடித்தபடி நின்றவருக்கு மெல்ல உறைத்தது. அணைந்து கிடந்த கணினியைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் பயம் விடவில்லை.

"போறவங்க வராட்டி, அம்மா? மடம் என்ன ஆகும்?"

"வராட்டி, இன்னும் நல்லா எழுதுவேன். உங்களுக்கு இருக்கிற ரோஷம் என் எழுத்துக்கு இருக்காதா?"