கொல்லா விரதமும் ஒரு தட்டான் புழுவும்

இது நான் நேரில் பார்த்ததல்ல. என்னோடு வேலை பார்க்கும் பத்மாவதி அக்கா ஒரு மதியச் சாப்பாட்டின்போது சொன்னது. அது நடந்தபோது அவர் அங்கே இருந்தார். அவர் சொல்லிக் கேட்டபடி எழுதுகிறேன்.

சென்னிமலையில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடிக் கூடத்தில் சௌந்தரம்மா தியான வகுப்பு நடத்துகிறார். வயது நாற்பதைத் தொடவில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். விசைத்தறி மெக்கானிக் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. நாச்சிமுத்து அவரை அம்மா என்பார். சௌந்தரம்மா அவரை அண்ணா என்பார்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு மனக்குறை. தொட்டது எதையும் அவர் முடித்ததில்லை. ஐ.டி.ஐ. படிப்பு பாதியில் நின்றது. பீடியை விட்டது மூன்று நாள். பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பியவர் தாராபுரத்தில் பஸ் ஏறிவிட்டார். அன்றிலிருந்து மச்சான்மார்களுக்கு அவர் 'தாராபுரத்தார்'தான். பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்டவர் சௌந்தரம்மாவிடம் ஒரு மண்டல விரதம் கேட்டு வாங்கியிருந்தார். நாற்பத்தெட்டு நாள் எந்த உயிரையும் கொல்வதில்லை. முடிக்கிறவர் கடைசி நாளில் கூடத்து விளக்கைத் தன் கையால் ஏற்றலாம். அதைப் பார்க்க மச்சான்மார்களை வரச்சொல்லி ஆகிவிட்டது.

நாற்பத்தோராம் நாள் மாலை. வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிவிட்டார்கள். பத்மாவதி அக்கா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்னங்ண்ணா?"

"ஒரு சந்தேகமுங்கம்மா."

"கேளுங்க."

அவர் வீட்டில் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி உண்டு. உள்ளே கப்பி மீன்கள். போன வாரம் ஒரு தாய்மீன் குஞ்சு போட்டது. எண்ணிப் பார்த்தார், இருபத்தாறு. கப்பி தன் குஞ்சைத் தானே தின்னும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ளட்டும் என்று, வாய்க்காலில் மிதந்த பாசிக்கொத்து ஒன்றை அள்ளிவந்து தொட்டியில் போட்டார்.

மறுநாள் இருபத்திரண்டு. அதற்கடுத்த நாள் பதினைந்து. தாய்மீனைப் பிடித்து வாளியில் விட்டார். அப்படியும் பதினொன்று ஆனது.

இன்று காலையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டார். பாசிக்குள் குச்சி மாதிரி கிடந்த ஒன்று நகர்ந்தது. ஆறு கால். பெரிய கண் இரண்டு. ஒரு குஞ்சு பக்கத்தில் போனதும், அதன் முகத்துக்கு அடியில் மடங்கியிருந்த தாடை நீண்டு வந்து குஞ்சைப் பற்றி மறுபடி மடங்கிக்கொண்டது.

"நம்ம தறியில நூலைக் கவ்வற கொக்கி மாதிரிங்கம்மா. கண்ணுக்கே தெரியல, அத்தனை வேகம்."

போட்டோ எடுத்து மீன்கடைக்காரருக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. 'தட்டான் புழுங்க. றெக்கை முளைச்சாப் பறந்துரும். அதுவரைக்கும் உங்க மீன்தான் அதுக்குச் சோறு.'

"எடுத்து வாய்க்கால்லயே விட்டிருக்கலாமே அண்ணா?"

"விட்டிருக்கலாமுங்க. போற வழியில என் கையிலேயே செத்துப்போச்சுன்னா? நாப்பத்தோரு நாளுங்கம்மா!"

"சரி. அப்புறம்?"

"வீட்டுக்காரி வசந்தாமணியைக் கூப்பிட்டேன். இதை ஏதாச்சும் பண்ணு புள்ளேன்னேன்."

"என்ன பண்ணினாங்க?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"துவைக்கிற கல்லுல போட்டு, செருப்பால..."

நாச்சிமுத்து அவசரமாகச் சேர்த்துச் சொன்னார்.

"நான் கொல்லலீங்க. கொல்லுன்னு சொல்லவும் இல்லீங்க. ஏதாச்சும் பண்ணுன்னுதான் சொன்னேன். விரதம் நிக்குங்களா?"

அப்போது ஒரு கொசு நாச்சிமுத்துவின் முழங்கையில் உட்கார்ந்தது. அவர் ஊதினார். அது ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. மறுபடி ஊதினார். மறுபடி வந்தது. சௌந்தரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீட்ல கொசு உண்டுங்களா அண்ணா?"

"வாய்க்கால் ஓரமுங்களே. பொழுது சாஞ்சா மொய்க்கும்."

"என்ன பண்ணுவீங்க?"

"ஊதுவனுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "மீதியை வசந்தாமணி பார்த்துக்குவா."

"அவங்க எங்கே?"

"கீழ வண்டிகிட்ட நிக்கறா. காய் வாங்க வந்தோம்."

"மேல வரச்சொல்லுங்க."

வசந்தாமணி காய்ப்பையோடு மேலே வந்தார். அவர் அந்தக் கூடத்துக்குள் வருவது அதுவே முதல்முறை. உட்காரச் சொன்னதும் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார்.

"அந்தப் புழுவை அடிச்சது நீங்களாக்கா?"

"வேற யாருங்க? நாப்பத்தோரு நாளா எங்க வீட்ல கொசு, கரப்பான், எறும்பு எல்லாம் என் தலையிலதான். புண்ணியம் இவருக்கு, செருப்பு எனக்கு."

பத்மாவதி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய்க்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாராம்.

"வசந்தா, எங்க வந்து என்ன பேச்சு பேசறே?" என்றார் நாச்சிமுத்து.

"கேட்டாங்க, சொன்னேன். நீங்க ஊதற வேலையைப் பாருங்க."

சௌந்தரம்மாவும் சிரித்தார். பிறகு கேட்டார்.

"அடிக்கறப்போ ஒண்ணும் தோணலையாக்கா?"

வசந்தாமணி பையிலிருந்து நழுவிய கறிவேப்பிலைக் கொத்தை உள்ளே தள்ளினார்.

"தோணாம இருக்குங்களா? கல்லுல போட்டதும் தண்ணியைத் தேடி இப்படியும் அப்படியும் திரும்புச்சு. எனக்குக் கையே வரல."

"அப்புறம் ஏன்?"

"இவரு பொறந்ததுல இருந்து எதுலயும் நாப்பது நாள் நின்னதில்லீங்க. எங்கண்ணன்மாரு வாயை மூடற மாதிரி இந்த ஒருவாட்டி விளக்கேத்தட்டும்னு நினைச்சேன். இவரு கையில எதுவும் பட்டுடக் கூடாதுன்னு கண்ணை மூடிட்டு அடிச்சுப்போட்டேன். அடிச்சதுக்கப்புறம் காலையில சோறு இறங்கல."

நாச்சிமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வசந்தாமணிக்குப் புழு பூச்சியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று இருபத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். காலையில் மனைவி சாப்பிடாததையும் அவர் பார்க்கவில்லை. தொட்டியில் மிச்சமிருந்த குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கீழே கடையில் யாரோ ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுப் பார்த்தார்கள். அது சுழன்று ஓய்ந்தது.

"இப்ப சொல்லுங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. குரல் முன்போல இல்லை. "விரதம் நிக்குங்களா?"

"நிக்குதுங்ண்ணா. இன்னும் ஏழு நாள் இருக்கு."

அவர் மூச்சு விட்டார்.

"ஆனா இந்த ஏழு நாளும் உங்க வீட்ல எதைக் கொல்ல வேண்டி வந்தாலும் நீங்கதான் கொல்லணும். அக்கா கை அதுல படக்கூடாது."

"அம்மா! அப்ப விரதம் முறிஞ்சுருங்களே!"

"முறியறதா இருந்தா உங்க கையிலேயே முறியட்டும்."

நாச்சிமுத்து எழுந்து, வசந்தாமணியின் மடியிலிருந்த காய்ப்பையை வாங்கிக்கொண்டார்.

பத்மாவதி அக்கா இதோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. தெரியாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைக்குப் போனபோது வசந்தாமணியிடமே விசாரித்தேன். நாற்பத்திரண்டாம் நாள் நாச்சிமுத்து தறிவேலைக்குப் போகவில்லை. ஈரோட்டுக்குப் போய் ஒரு கொசுவலை வாங்கி வந்திருக்கிறார். இருவர் படுக்கும் அளவு.